நிகர எடை

நவம்பரில் கடல் மூடிவிடும்.
பிப்ரவரிவரை தியோமானுக்குப் படகு நிச்சயமில்லை.
செம்பனையில் பழம் குறைவதும் அப்போதுதான்,
ஆலையில் லீவு தருவதும் அப்போதுதான்.
குணாளன் எடைச்சீட்டின் பின்பக்கம்
லீவுக்கு ஒரு கோடு, படகுக்கு ஒரு கோடு வரைந்தான்.
ஒன்று ஏறும்போது மற்றது இறங்கியது.
"பார், நாம் போகக்கூடாதென்று
யாரோ உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார்கள்."

கல்யாணமாகி ஏழு வருஷம்.
அவன் பகல், நான் இரவு.
இருவருக்கும் பொதுவாக இருப்பது
மாலை ஆறு இருபதிலிருந்து ஏழு வரை,
ஒரு மேசை, இரண்டு மைலோ,
துணி துவைக்கும் இயந்திரத்தின் குலுக்கல்.
தேனிலவு என்று அப்போது போனது போர்ட்டிக்சன்.
மதியம் இறால் சாப்பிட்டோம், மழை பிடித்தது,
காருக்குள் தூங்கிவிட்டோம்.
அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாமென்று முடிவாயிற்று.

என் பெட்ரோல் நிலையம்
பஹாவைத் தாண்டி, கெராத்தோங் போகும் சாலையில்.
வெள்ளிக்கிழமை இரவுகளில் தீவுக்குப் போகிறவர்கள்
கூரையில் மிதவைகளைக் கட்டிக்கொண்டு வருவார்கள்.
ஐஸ் வேண்டும், பேட்டரி வேண்டும், வெயிலுக்குக் கிரீம் வேண்டும்.
மிச்சக் காசைக் கொடுக்கும்போது
அவர்கள் கையில் ஏற்கெனவே விடுமுறை வாசம் அடிக்கும்.
தேங்காய் எண்ணெய் மாதிரிதான்,
விலை கூடின தேங்காய்.

விடுதியின் படத்தைக் காட்டினேன்.
மணல், ஊஞ்சல், வரிசையாகத் தென்னை.
கைப்பேசியைத் தள்ளி வைத்தான்:
"அங்கேயும் குலை தள்ளுகிற மரமா?
மாசம் எத்தனை டன் இறக்குவார்களாம்?"
எடைமேடைக்காரனுக்கு உலகம்
மொத்த எடை, வண்டி எடை, கழித்தால் நிகர எடை.
அறைக்கு ஓர் இரவு இருநூற்றெண்பது வெள்ளி,
படகுக்கு, சாப்பாட்டுக்கு,
அவன் அக்காள் மகளின் பள்ளிக்கூடப் பைக்கு.
"பை எங்கிருந்து வந்தது இதில்?"
"அது வண்டி எடை" என்றான்.

கழித்த பிறகும் கொஞ்சம் நின்றது.
அந்தக் கொஞ்சத்தை, கை தவறிக்
கீழே போட்டுவிடுவோமோ என்பதுபோல் பார்த்தோம்.

ஆலையில் ஷாஹிதுல் சிரித்தானாம்.
"கடல் பார்க்கக் காசு கொடுப்பீர்களா, அபாங்?"
வங்காளதேசத்தில் அவனும் ஒரு தீவுக்காரன்.
வீடு இரண்டு முறை தண்ணீரோடு போயிருக்கிறது.
இங்கு வந்த ஒன்பது வருஷத்தில் கரைப்பக்கமே போனதில்லை.
சிரித்து முடித்து, சிதறிய பழங்களை வாரிக்கொண்டே
சொன்னானாம்:
படகில் பின்னால் உட்கார்,
தூரத்தில் அசையாத ஒன்றைப் பார்,
வாயில் புளிப்பாக எதையாவது அடக்கு.
மறுநாள் ஒரு பொட்டலம் அசாம் கொடுத்தனுப்பினான்.
குணாளன் அதைப் பட்டியலில் எழுதவில்லை.
எழுத எந்தப் பக்கமென்று தெரியவில்லையாம்.

மார்ச் பதினான்கு. மூன்று நாள்.
அவனுக்கு அது சம்பளமில்லா லீவு.
எனக்காக நோர்லைலா நிற்பாள்,
ராயாவுக்கு நான் அவளுக்காக நிற்க வேண்டும்.
முன்பணம் கட்டியதும் சிவப்பில் வந்தது,
திருப்பித் தரப்பட மாட்டாது.
"நல்லதாய்ப் போயிற்று" என்றான்,
"இனி அம்மாவிடம் சொல்லலாம்."

நீச்சல் தெரியாது, இரண்டு பேருக்கும்.
அதைப் பற்றி மட்டும்
ஒரு மாலை முழுவதும் பேசாமல் இருந்தோம்.

நேற்று நடுச்சாமம் ஒரு கார்.
கூரையில் மிதவை, பின்சீட்டில் வாய்பிளந்து தூங்கும் பிள்ளை.
"அக்கா, படகுத்துறைக்கு இன்னும் எவ்வளவு நேரம்?"
இரண்டேமுக்கால் மணி, என்றேன்.
கெராத்தோங்கில் நிறுத்தாதீர்கள், முவாட்சாமில் நிறுத்துங்கள்.
முதல் படகு என்றால் கூட்டம், முன்னாலேயே போய்விடுங்கள்.
ஏறினதும் பின்னால் உட்காருங்கள்.
பிள்ளைக்குப் புளிப்பாக ஏதாவது.
"அடிக்கடி போவீங்களோ?"

ரசீதைக் கிழித்துக் கொடுத்தேன்.
ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.