இடையில் ஒரு 'தி'

தெற்குவாடிச் சங்க ஆபீசில்
கணக்கும் நான்தான், கடிதமும் நான்தான்,
மழை பெய்தால் ஓட்டுக்குக் கீழே வாளி வைப்பதும் நான்தான்.

மோயீசனின் நண்டுவலை, பதினெட்டுக் கட்டு,
ஆனிக் கச்சானில் அறுத்துக்கொண்டு போனது.
இன்சூரன்சுக்கு எழுதினேன்:
வலை போன நேரத்தில் மேற்படியார்
'அட் தி சீ'.

மூன்று வாரம் கழித்துப் பதில்.
கடலோரம் கிடந்த வலைக்கு
இந்தப் பாலிசியில் இடமில்லையாம்.

கடலோரமா?
நான் எப்போது அவரைக் கரையில் வைத்தேன்?

போனில் தேடிப் பார்த்தேன்.
'அட் சீ' என்றால் படகேறிப் போய்விட்டவர்.
நடுவில் ஒரு 'தி' விழுந்தால்
மணலில் கால் நீட்டி உட்கார்ந்து
அலை பார்க்கிறவர்,
சுண்டல் தின்கிறவர்.

நம் எழுத்தில் ஒன்று, அவர்கள் எழுத்தில் மூன்று.
அரிசியில் கிடக்கும் கல் அளவு.
அதை நங்கூரமாய்க் கட்டி
ஏழு பாகம் தண்ணீரில் நின்ற மனுசனை
நானே கரைக்கு இழுத்துப் போட்டிருக்கிறேன்.

நம் பேச்சில் இந்த வம்பே கிடையாது.
கடலுக்குப் போயிருக்கு என்றால் போயிருக்கு.
பிரகாசி அதைச் சாமியாரிடம் சொன்னாலும்
வட்டிக்காரனிடம் சொன்னாலும்
அதே கடல், அதே 'கு'.
(வட்டிக்காரனிடம் சொல்லும்போது
சில நாள் மனுசன் உள்ளே தூங்கிக்கொண்டிருப்பார்.
அது இலக்கணத்தில் சேராது.)

கீழே இரண்டாவது அர்த்தம் ஒன்றும் போட்டிருந்தது:
'அட் சீ', திக்குத் தெரியாமல் விழிப்பவர்.
கரண்டு போன மதியம்.
இருபத்தாறாயிரம் ரூபாய்
என் கையெழுத்துக்கு மேலே மாட்டிக் கிடக்க,
அந்த அர்த்தத்துக்கு
உதாரண வாக்கியமாய் நானே உட்கார்ந்திருந்தேன்.

திருத்தினேன். 'தி'யை அழித்தேன்.
அது இருந்த இடத்தில் ஒரு சின்ன இடைவெளி,
வத்தை ஒன்று நுழைந்து போகலாம்.

சாயங்காலம் மோயீசன் வந்தார்.
"என்னத்தம்மா எழுதியிருக்க?"
"நீங்க கடல்ல இருந்தீங்கன்னு."
"பின்ன எங்க இருந்தேனாம்?
இதுக்கா மூணு வாரம்?"

கையெழுத்துப் போட்டுப் பேனாவைத் தந்தார்.
அதில் நண்டு வாடை, ரெண்டு நாளாய்ப் போகவில்லை.

தபால் இன்னும் வரவில்லை.
ஆனி மாதம் அந்த விடிகாலையில்
அவர் எங்கே இருந்தார் என்று
சென்னையிலிருந்து சொல்வார்கள்.