காத்திருப்பு: ஐந்து

மைனஸ் இருபத்தொன்பது.
உபரி பேட்டரி என் அக்குளுக்குள்
குஞ்சு போலக் கிடக்கிறது.
காராஷோக் ஆற்றின் உறைபனிமேல் குப்புறப் படுத்து
கையுறையைப் பல்லால் உருவி
மெனுவைத் திறக்கிறேன்.

மனிதரா, விலங்கா, வாகனமா?
கேட்கிறது கேமரா,
சுங்க அதிகாரி தோரணையில்.
வரப்போவது எட்டு நாய்கள், ஒரு சறுக்குவண்டி,
அதன்மேல் இங்கா-மாரெத்.
மூன்றும்தான் என்று சொல்ல வழியில்லை.
விலங்கு.

தொடர் ஃபோகஸ். நொடிக்கு இருபது படம்.
ஒற்றைப் புள்ளி வேண்டாம், விரல் விறைத்துவிட்டது.
கடைசிக் கேள்வி:
குறுக்கே யாரேனும் புகுந்தால்
எவ்வளவு நேரம் பொறுக்கட்டும்?
போன வருடம் ஒன்றில் வைத்து
யாரோ ஒருவருடைய குல்லாவை
நூல் நூலாய் எடுத்து வந்தேன்.
ஐந்து.

வளைவில் மூச்சுப்புகை.
முன்னோடும் முவொஹ்தாவின் கண்ணில்
பச்சைக் கட்டம் ஒட்டுகிறது
நாயுருவி விதையாக.
கொடியோடு ஒரு பையன் குறுக்கே ஓட,
பொறுத்தது கேமரா.
பையன் போனான்.
மறுபடி அதே கண், அதே இமை,
உறைந்த முடிகளை எண்ணலாம்.
கத்தியே விட்டேன்.

கூடாரத்தில், சூப்புக் கோப்பையோடு
இங்கா-மாரெத் திரையை எட்டிப் பார்க்கிறாள்.
"பின்னால என்ன நீலக் கறை?"
நீதான்.
சிரிக்கவில்லை. பெரிதாக்குகிறாள்.
"இடது முன்னங்கால்... காலுறை கிழிஞ்சிருக்கு."
கோப்பையை என் கையில் திணித்துவிட்டு
பனியில் ஓடுகிறாள்.

ஒற்றைக் கையால் கேமராவைத் தூக்குகிறேன்.
கட்டம் அவளைத் தாண்டி
நாயைத் தேடிப் போகிறது.