நாணயச் சுவை

ஒன்று விட்டு ஒரு வியாழன்
ப்ர்டா ஆற்றின்மேல் மூடுபனி எழுந்து போகும் முன்பே
பிட்கோஷ்ச் நகரத்து மூன்றாம் எண் டிராமில் ஏறுகிறேன்.
இருபத்தாறு வருடம் நான் ஓட்டிய தடம்.
இப்போது பயணி.
இடது கையைக் கோட்டுப் பைக்குள் போட்டு வைத்திருக்கிறேன்,
கடிக்காத, ஆனால் சும்மா இருக்கத் தெரியாத
நாய்க்குட்டி மாதிரி.

ஆஸ்பத்திரியில் என் பெயர் 0417.
கையெழுத்துப் போட்ட தாள் இருபத்திரண்டு பக்கம்.
பத்தொன்பதாம் பக்கத்தில் இருந்தது:
எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமல்,
நீங்கள் விலகிக்கொள்ளலாம்.
என் கல்யாணத்தில்கூட யாரும்
இவ்வளவு மரியாதையாகச் சொல்லவில்லை.

கிங்கா நரம்பு தேடுகிறாள்.
பைக்குப் பழுப்பு உறை போட்டிருக்கிறது.
உள்ளே மருந்தா உப்புத் தண்ணீரா,
அவளுக்கும் தெரியாது, டாக்டர் வில்செக்குக்கும் தெரியாது.
எங்கோ ஒரு கணிப்பொறி
எனக்காகக் காசு சுண்டிவிட்டது.
பூவா தலையா, அது வாய் திறக்காது.

முடிந்ததும் சுருள் வரையச் சொல்வார்கள்,
நடுவில் தொடங்கி வெளியே வெளியே.
வலது கை வரைந்தது
கசகசா ரொட்டியை வெட்டி வைத்தது போல.
இடது கை வரைந்தது முள்கம்பி.
இரண்டையும் பார்த்து ஒரே குரலில் ‘நன்று’ என்கிறாள் கிங்கா.
அவளுக்கு அப்படி உத்தரவு.

எங்களுக்குள் பேசிக்கொள்ளக் கூடாது.
ஆனால் டிராம் நிறுத்தம் ஆஸ்பத்திரியில் சேர்த்தி இல்லையே.
செவெரின்தான் முதலில் கேட்டார், சரக்குப் படகில் இருந்தவர்:
‘உனக்கு வாயில் காசு ருசி வருதா?’
ஹல்ஷ்காவுக்கு ஊசி ஏறிய பத்தாம் நிமிடம்.
அவருக்கு விடிய விடிய,
சாவியைச் சப்பின மாதிரி.
அப்படியானால் அவர்களுக்கு மருந்து.
சொல்லும்போது இரண்டு பேர் முகத்திலும்
லாட்டரி விழுந்த வெட்கம்.
‘உனக்கு?’
‘லேசா’ என்றேன்.

பொய்.
என் வாயில் காலைத் தேநீர் இருந்தது, எலுமிச்சையோடு.

தண்ணீர் ஏற்றிக்கொள்ளவா இத்தனை தூரம் போகிறாய் என்று
டெப்போவில் வியெஸ்வாவ் கேட்டான்.
புது வண்டி வந்தால்
இருக்கைதோறும் மணல்மூட்டை வைத்து ஓட்டிப் பார்ப்போமே,
நீயும் நானும்தானே தூக்கினோம், என்றேன்.
யாராவது மூட்டையாக இருந்தால்தான்
பிரேக் பிடிக்கிறதா என்று தெரியும்.
சொல்லும்போது நன்றாகத்தான் இருந்தது.
படுக்கையில் யோசித்தேன்:
மூட்டைக்கு ஊர் போய்ச் சேரும் ஆசை கிடையாது.

போன வியாழன் செவெரின் நாற்காலி காலி.
நான் கேட்கக் கூடாது. கேட்டேன்.
கிங்கா குழாயை நிமிர்த்தினாள்,
நிமிர்ந்தே இருந்த குழாயை.

அன்றிரவு
சமையலறை விளக்கை மட்டும் போட்டு
இரண்டு ஸ்லோட்டி நாணயம் ஒன்றைச் சோப்புப் போட்டுக் கழுவி
நாக்கில் வைத்துக்கொண்டேன்.
முதலில் குளிர்.
அப்புறம் சின்ன வயதில் பல் விழுந்த குழியை
நாக்கு துழாவுமே, அந்த ருசி.
அப்புறம் யார் யாரோ கைகள், டிக்கெட் சில்லறை,
மழைநாள் கையுறை.
இதுதானா, செவெரின்?
இதை வாயில் வைத்துக்கொண்டா
விடிய விடிய நம்பிக்கையோடு விழித்திருந்தீர்?

துப்பித் துடைத்து மேசையில் வைத்தேன்.
கழுகுப் பக்கம் மேலே.

பக்கத்தில் இந்த வாரப் படிவம். பதினான்காம் கேள்வி:
வாயில் உலோகச் சுவை எதுவும் உணர்ந்தீர்களா?
இன்னும் நாக்கின் ஓரத்தில் இருந்தது.
‘இல்லை’க்கு நேரே உள்ள கட்டத்தில்
பேனாவை இடது கையில் பிடித்து
ஒரு பெருக்கல் குறி போட்டேன்.
ஒரு கோடு உள்ளே நின்றது.
மற்றது கட்டத்தைத் தாண்டி,
பதினைந்தாம் கேள்வியைத் தாண்டி
மேசை விளிம்புவரை போய்விட்டது.