நீங்கலாக

விடிகாலை மூன்று நாற்பது.
காசிமேட்டிலிருந்து சிந்தாதிரிப்பேட்டை மீன் சந்தைக்கு
டிவிஎஸ் ஃபிஃப்டியில் வந்தவனை
சிம்சன் சிக்னலில் நிறுத்தினார்கள்.
பையில என்னடா?
கத்தி சார்.
அவன் சொன்னது அவ்வளவுதான்.
வாக்குமூலத்தின் மீதி ஒன்றரைப் பக்கம்
ஸ்டேஷனில் விளைந்தது.

பொதுமக்களுக்கு அச்சம் விளைவிக்கும் வகையில்
பட்டாக்கத்தியுடன் சுற்றித் திரிந்த எதிரி
தேசிங்கு, வயது 41, த/பெ மண்ணாதன்.
அந்த நேரத்தில் அந்த சிக்னலில்
அச்சப்பட ஒரு மாடுதான் இருந்தது.
குறுக்கு விசாரணையில் அதையும் கேட்டேன்.
மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை.

ஆயுத விதிகளின் அட்டவணையில் ஒரு வரி உண்டு:
ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளம்
அல்லது இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலம்,
வீட்டுக்கோ வயலுக்கோ ஆய்வுக்கோ தொழிலுக்கோ
செய்யப்பட்டவை நீங்கலாக.

நீங்கலாக.
ஐந்தே எழுத்து.
இருபத்திரண்டு நாள் புழலில் கிடந்து
ஜாமீனில் வந்த ஓர் ஆளை
அதற்குள் எப்படியாவது உட்காரவைக்க வேண்டும்.
இதற்குத்தான் எனக்கு ஃபீஸ்,
அதுவும் பாதி பாக்கி.

சான்றுப் பொருள் ஒன்று.
அரக்கு முத்திரையை உடைத்ததும்
எழும்பூர் கோர்ட்டில் ஒரு வாடை எழுந்தது.
பதினான்கு மாதம் மால்கானாவில் இருந்தும்
பிடியின் இடுக்கில் ஏதோ ஒட்டியிருந்தது.
இது என்ன, சொல்ல முடியுமா?
துணை ஆய்வாளர் உற்றுப் பார்த்தார்.
துரு.
துரு இப்படி மினுங்குமா
என்று நான் கேட்கும் முன்பே
பெஞ்ச் கிளார்க், நொச்சிக்குப்பத்துக்காரர்,
தன்னை மறந்து சொல்லிவிட்டார்:
கொடுவா செதில்மா அது.
பதிவேட்டில் அது ஏறவில்லை.
எல்லார் காதிலும் ஏறியிருந்தது.

அளந்தார்கள்.
மர ஸ்கேலின் முனை தேய்ந்து
பூஜ்யம் காணாமல் போயிருந்தது.
ஒன்றிலிருந்து தொடங்கி ஒன்றைக் கழித்து
பத்தே கால்.
நான் மறுக்கவில்லை.

மகஜர் சாட்சி, டீக்கடை சுக்கூர்:
கையெழுத்து என்னுதுதான் சார்.
அப்ப பேப்பர்ல ஒண்ணும் எழுதல.
டீ பாக்கி கேக்கப் போனேன்,
பேனாவக் குடுத்தாங்க.

பிறகு எங்கள் சாட்சி,
பத்தாம் நம்பர் மேடையில் மீன் விற்கும் மரகதவல்லி.
நான் வித்தா இவன் வெட்டுவான்,
கிலோவுக்கு முப்பது, பதினேழு வருஷமா.
அரசு வக்கீல் எழுந்தார்:
கொஞ்சம் சின்னக் கத்தி வச்சிக்கிட்டா ஆகாதா?
கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு
அந்த அம்மா அவரை நன்றாகப் பார்த்தாள்.
சின்னக் கத்தியால
எட்டுக் கிலோ கொடுவாவோட தலைய
நீ ஒரு தபா வெட்டிக் காட்டு சார்.

விடுதலை.

தீர்ப்பின் கடைசிப் பத்தி
எல்லாத் தீர்ப்பிலும் இருப்பதுதான்:
சான்றுப் பொருள் ஒன்று மதிப்பற்றது என்பதால்
மேல்முறையீட்டுக் காலம் முடிந்தபின்
அழிக்கப்பட வேண்டும்.
தேசிங்கு அதை மட்டும்
இன்னொரு தடவை படிக்கச் சொன்னான்.
மதிப்பற்றதா?
லாரிப் பட்டையில அடிச்சது மேடம்.
எண்ணூத்தம்பது ரூபா.
அப்பீல் போலாமா அதுக்கு?

போகவில்லை.
புதுக் கத்தி வாங்கிவிட்டான், அதே நீளம்.
போன ஞாயிறு சந்தையில் பார்த்தேன்,
எனக்குச் சங்கரா வெட்டிக்கொண்டே பேசினான்.
தீர்ப்பு நகலை லேமினேட் பண்ணி
பையிலேயே வைத்திருக்கிறானாம், கத்திக்குப் பக்கத்தில்.
சனிக்கிழமையானால் சிம்சனில்
இன்னும் நிறுத்துகிறார்கள்.
ஒரு டவுட்டு மேடம்.
பையில கைய விட்டா
எத மொதல்ல எடுக்கணும்?

சில்லறையை எண்ணிக்கொண்டு நின்றேன்.