ஒரு சாண் தண்ணீர்

நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம்,
உயரம் ஓரடிதான்.
கண்ணாடிக்கடை அன்வர்தீன் இரண்டு முறை கேட்டார்:
"உயரம் தப்பா சொல்றீங்களா மேடம்?"
இல்லை.
ஆழம் வேண்டாம் எனக்கு.
கழிமுகத்துக்குப் பக்கத்தில், அலை வந்து சேராத இடத்தில்
முழங்காலுக்குக் கீழே வெதுவெதுப்பாகக் கிடக்குமே ஒரு நீர்,
அது வேண்டும்.

கீழ்வீட்டு ஜுனைதா அக்கா
கூரையைப் பார்த்தபடி கணக்குப் போட்டாள்.
தண்ணீர் நூற்று முப்பது கிலோ, மணல் எழுபது, கண்ணாடி தனி.
"மூணு ஆளு வந்து உக்காந்தா இடியாத மாடி
மீனுக்கா இடியப்போவுது" என்று அவளே சமாதானமானாள்.
மீன் இல்லை அக்கா, புல் என்றேன்.
முகம் மறுபடி மாறிவிட்டது.

முதுநகரில் பம்பை அடித்தால் உப்பு,
சுவரைச் சுரண்டினால் உப்பு,
ஆற்றுக்குப் பேரே உப்பனாறு.
நான் நல்ல தண்ணீர் கேன் வாங்கி
கிலோ நானூறுக்கு உப்பு வாங்கி
கொட்டிக் கலக்கினேன்.
கேன் போடுகிற பையன் பார்த்துவிட்டான்.
மறுநாள் தெருவுக்கே தெரிந்திருந்தது.

மணலை அரிசிபோல் களைந்தேன்.
ஏழாவது தண்ணீரிலும் பால்.
பதினோராவதில் விட்டுவிட்டேன்.

பிறகு ஆறு வாரம்
வெறும் மணல், வெறும் தண்ணீர், மேலே ஒரு விளக்கு.
சோதனைக் குழாயில் சொட்டு விட்டால் கத்தரிப்பூ நிறம்.
மறுவாரமும் கத்தரிப்பூ.
காலியான ஒன்றுக்கு விளக்கேற்றி அணைப்பது
கோயில் வேலை மாதிரி இருந்தது.

புல்லை அஞ்சாபுலி கொண்டுவந்தான்.
ஐஸ் கம்பெனியில் நான் பில் போடும் ஜன்னலில்
ஈரப் பொட்டலம் ஒன்றை வைத்தான்.
நண்டு வலையில் சுற்றிக்கொண்டு வந்தது,
வேரோடு, கணுக்கணுவாக.
"வருசம் பூரா பிச்சி எறியிறது இது.
இதுக்குப் போயி அரை பார் ஐஸ் சும்மாவா?"

இரண்டு விரலால் மணலைப் பிளந்து நட்டேன்.
நான்காம் நாள் இலையில் நிறம் இல்லை.
பத்தாம் நாள் இலையே இல்லை.
பன்னிரண்டு தண்டில் ஒன்பது
பழங்கஞ்சிபோல் கையோடு வந்தது.
மூன்றைத் தொடவில்லை.
தைரியம் இல்லை, அவ்வளவுதான்.

கத்திரி வெயிலில் தண்ணீர் முப்பத்துமூன்றைத் தொட்டது.
மீனுக்கு உடைக்கிற ஐஸில் ஒரு கட்டி எடுத்து
பாலித்தீன் பையில் முடிந்து மிதக்கவிட்டேன்.
பகல் முழுக்கக் கரண்ட் போன வெள்ளிக்கிழமை
சொம்பால் மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினேன்,
டீ ஆற்றுவதுபோல.
தோள் விட்டுப்போனது.
எதற்கு இதெல்லாம் என்று யாராவது கேட்டிருந்தால்
சண்டை போட்டிருப்பேன்.

ஆடி பிறந்து ஏழாம் நாள்.
நட்ட இடத்தில் ஒன்றும் இல்லை.
ஒரு முழம் தள்ளி, கண்ணாடி மூலையில்,
மணலைக் குத்திக்கொண்டு ஊசிமுனைப் பச்சை.
குனிந்து பார்த்தால் அடியில்
வெள்ளை நூல் ஒன்று இருட்டிலேயே
அத்தனை தூரம் நடந்து வந்திருக்கிறது.

இப்போது இருபத்தேழு. எண்ணுவதை நிறுத்த வேண்டும்.
புல்லோடு எனக்குத் தெரியாமல் வந்த ஓர் இறால் குஞ்சு
ராத்திரி மட்டும் வெளியே வருகிறது.
உடம்பெல்லாம் கண்ணாடி, நடுவில் ஒரு கறுப்புக் கோடு.

போன ஞாயிறு அஞ்சாபுலி மாடியேறி வந்தான்,
சட்டைப் பொத்தானைப் போட்டபடி.
தொட்டி முன் குத்துக்காலிட்டான்.
மோட்டார் தள்ளுகிற நீரில் எல்லாம்
ஒரே பக்கம் சாய்ந்து, நிமிர்ந்து, சாய்ந்து.
"நிக்குது" என்றான்.
இருபது வருடமாக அவன் கையில் அது
கிடந்துதான் இருக்கிறது.
"உள்ளயும் இப்படித்தான் நிக்குமா?"
கடலுக்குப் போகிறவன் என்னிடம் கேட்கிறான்.
அப்படித்தான் போல என்றேன்.
கலங்கல் தண்ணீரில் நானும் பார்த்ததில்லை.

எழுந்திருக்கும்போது
கரண்ட் பில் எவ்வளவு வருகிறது என்றான்.
பாதியைச் சொன்னேன்.