கேட்கத் தெரியாதது

இரவு பத்தேகாலுக்குத் தொகுக்கச் சொல்லி என்டர் தட்டினேன்.
கிளாக்ஸ்விக் துறைமுகத்தில்
படகுக் கயிறுகளையெல்லாம் காற்று
ஒரே சுருதியில் பிடித்து வைத்திருந்தது.
திரையில் வரிகள் ஏறின. ஒவ்வொரு கோப்பும்
தன் பெயரை ஒருமுறை சொல்லிவிட்டுப் போயிற்று.

சால்மன் பண்ணைகளுக்கு எழுதிய நிரல்.
ஒரு மீன்பேன் குஞ்சை நீரோட்டத்தில் விட்டு
எந்த ஃபியோர்டில், எந்தக் கூண்டில் போய் ஒட்டும் என்று பார்ப்பது.
நீரிணை பிரிகிற இடத்தில் நிரல் தன்னையே அழைக்கும்,
அங்கேயும் பிரிந்தால் மறுபடி,
உள்ளுக்குள் உள்ளாக.
பதினோராயிரத்து நானூற்று மூன்றாம் அழைப்பில்
செத்துப்போகும்.
அடுக்கு நிறைந்துவிட்டது. அதற்கப்பால் காவல் பக்கம்,
விரல் பட்டால் முடிந்தது கதை.
எங்கே போய்க்கொண்டிருந்தது என்று சொல்லக்கூட
ஒரு வார்த்தை மிச்சம் வைக்காது.

ஆகவே இன்றைக்கு, தானே வளரும் அடுக்கோடு
எல்லாவற்றையும் மூலத்திலிருந்து.
இனி ஒவ்வொரு செயற்கூறும் வாசலில் நின்று
இடம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் நுழையும்.
இல்லையென்றால் நினைவகத்தில் வேறெங்கோ
ஒரு துண்டு கிடைக்கும்.
வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.
ஒரு கோணல் உண்டு இதில்:
சரியாக விளிம்பில் ஒரு சுழற்சி மாட்டிக்கொண்டால்
வாங்குவதும் கொடுப்பதுமாகவே பொழுது போய்விடும்.
எனக்கு அப்படிச் சில வருடங்கள் போயிருக்கின்றன.

சோபாவில் ஹெக்னி, என் தம்பி.
இழுவைப் படகிலிருந்து இறங்கி ஒன்பது நாள்.
இருக்கலாமா என்று கேட்கவில்லை. பூட்ஸைச் செய்தித்தாள் மேல் வைத்தான்,
பாதி உடம்புக்கு ஆன சோபாவில்
முழு உடம்பையும் மடித்துக்கொண்டான்.
என்ன நடந்தது என்று நானும் கேட்கவில்லை.

ஒன்றரைக்கு இணைப்புக் கட்டம்.
ஓத அலைகளைக் கணக்கிடும் ஒரு பழைய நூலகம்,
பெர்கனில் எப்போதோ மூடிய கம்பெனியுடையது.
மூலம் இல்லை, இருமம் மட்டும்.
வாசலில் நிற்க அதற்குத் தெரியாது.
தரை இருக்கிறதென்று நம்பிக் கால் வைக்கும்.
இங்கேதான் எல்லாம் கவிழும் என்று
காபியோடு காத்திருந்தேன்.
கவிழவில்லை.
கையேட்டைப் புரட்டினேன். இணைப்பானுக்கு
இப்படிப்பட்டவர்களை முன்பே தெரியுமாம்:
கேட்கத் தெரியாத ஒன்றைக் கூப்பிடப் போகிறவன்
தான் கிளம்பும் முன்பே
பெரிய இடமாக வாங்கி வைக்க வேண்டும்.
அவ்வளவுதான் எழுதியிருந்தது. அடுத்த பத்தி வேறு விஷயம்.

எழுந்து உள்ளறைக்குப் போனேன்.
கட்டில் மேல் பனிச்சறுக்குக் கட்டைகள், உலராத கம்பளிகள்,
யாரும் பிரிக்காத ஒரு மைக்ரோவேவ் பெட்டி.
எல்லாவற்றையும் நடைக்குத் தள்ளினேன்.
தோளைத் தொட்டதும் கண் திறவாமலே
கையை நீட்டிக் கையுறை தேடினான்.
"என் முறையா?"
"முறை இல்லை. உள்ளே போய்ப் படு."
கொஞ்ச நேரம் நின்றான்.
பிறகு பூட்ஸையும் எடுத்துக்கொண்டு போனான்.

மூன்று மணி. நிரல் ஓடுகிறது.
பதினோராயிரத்து நானூற்று நான்கு.
நாற்பதாயிரம் தாண்டியும்
அந்த ஒரு குஞ்சு
இன்னும் எங்கும் ஒதுங்கவில்லை.