ஒன்பதாவது கேள்வி

தை மாதப் பனி இன்னும் காப்பிச் செடியை விட்டு இறங்கவில்லை.
கொட்டச்சேடு தாண்டி நடக்கிறேன்.
கையில் அரசாங்கத்து டேப்லெட்,
பையில் புளிச்சோறு,
முடிக்க வேண்டிய வீடு இன்னும் இருபத்திரண்டு.

பலாமரத்து வளைவு வீட்டில்
வெள்ளச்சி மிளகு மிதித்துக்கொண்டிருந்தாள்.
முப்பது வயதிருக்கும்.
கால் நிறுத்தாமலே பதில் சொன்னாள்:
பெயர், ரேஷன் கார்டு, பிள்ளைகள் இரண்டு,
ஆடு நான்கு. ஆட்டைப் படிவம் கேட்கவில்லை.

ஒன்பதாவது கேள்வி.
எழுதப் படிக்கத் தெரியுமா?
'தெரியாதுங்க டீச்சர்,'
இன்றைக்கு மழை இல்லை என்கிற மாதிரி.

அப்போது அவள் இடுப்பில் போன் முனகியது.
லீ பஜாரிலிருந்து ஒரு படம்:
தராசுத் தட்டில் மிளகு, கீழே ஒரு விலை.
இரண்டு விரலால் விரித்துப் பார்த்தாள்.
'பாதி பதர். இது நம்ம சரக்கே இல்ல.'
பிறகு போனிடம் பேசினாள்.
பேசப் பேச எழுத்து ஓடியது.
மிளகு, 'விலகு' என்று விழுந்தது.
பார்த்தேன். சொல்லவில்லை.
அனுப்பும் முன் அவளே அதைப் படிக்கவிட்டுக் கேட்டாள்.
'விலகா? நான் எதுக்கு விலகறேன்?'
அழித்தாள். திரும்பச் சொன்னாள்,
நாக்கு நுனியை மடித்து,
அந்த ஓர் ஒலியில் கொஞ்சம் நின்று.
அதற்கு ளகரம் என்று பேர் வைத்ததோடு சரி நாங்கள்.

சென்னையிலிருக்கும் என் மகனுக்கு
நான் அனுப்பும் தமிழ் இங்கிலீஷ் எழுத்தில் கிடக்கும்.
அங்கே லகரத்துக்கும் ளகரத்துக்கும் ஒரே எல்.
ஆறு மாதமாய்ப் பேனா தொட்டது
வருகைப் பதிவேட்டில் சுருக்கொப்பம் வைக்க.

இரண்டு டிக்கும் நீலமாயின.
'பாத்துட்டான். பேச மாட்டான்.
அஞ்சு ரூவா ஏத்தலாமான்னு பக்கத்துக் கடையில கேப்பான்.
அதுவரைக்கும் மிதிப்போம்.'

மிதித்துக்கொண்டே இன்னொன்றைக் கேட்கவிட்டாள், எனக்காக.
போனுக்குள் ஒரு பெண்குரல், அவசரமே இல்லாமல்:
இன்று இரவு ஒன்பதரைக்கு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும்.
வெள்ளச்சிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.
'ஈபிக்காரன் என்னைக்குங்க சொல்லிட்டுப் பிடுங்குனான்?
மார்கழில மூணு நாள் இருட்டு.
ஒரு வார்த்தை சொன்னானா?'

சிரித்தேன், நானும்.

அது எனக்கும் வந்தது, ஐப்பசியில், ஓர் இரவு.
வரிவரியாய்ப் படித்தேன்.
'துண்டிக்கபடும்' என்றிருந்தது, ஒற்று இல்லை.
மனசுக்குள் அரை மார்க் குறைத்துவிட்டு
கீழே இருந்த சுட்டியைத் தொட்டேன்.
பதினோராயிரத்து நானூறு.
தமிழில் எம்.ஏ., அப்புறம் பி.எட்.
அஸ்தம்பட்டி வீட்டில்
இதுவரை யாருக்கும் தெரியாது.

படிவத்தில் இரண்டே வட்டம்: ஆம், இல்லை.
காகிதத்தில் அச்சான ஒரு வாக்கியத்தை
உரக்கப் படித்தால் ஆம்.
பயிற்சி வகுப்பில் இரண்டு முறை சொன்னார்கள்.
விரல் ஒன்றின் மேல் நின்றது,
மற்றதற்குப் போனது,
திரும்பி வந்தது.
அமுக்கினேன்.
சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது.

'அந்த கம்பெனிக்கு இங்க சிக்னல் வராதுங்க,
என்னுதுல போடுங்க' என்று
ஹாட்ஸ்பாட்டைத் திறந்துவிட்டாள்.
பட்டியலில் வந்து நின்றது அவள் பெயர்,
தமிழில், ளகரம் தவறாமல்.
பாஸ்வேர்டு எட்டு எண்கள். மூத்தவள் பிறந்த தேதி.

போய்விட்டது.
பதினேழு வீடுகளும் அவள் வழியாகவே போயின.

டேப்லெட்டை மூடப் போனேன்.
'இருங்க, என்ன போட்டிருக்கீங்க?'
போன் கேமராவை என் திரைக்கு நேரே பிடித்தாள்.
அதே பெண்குரல், அதே நிதானம்:
'எழுதப் படிக்கத் தெரியுமா. இல்லை.'

'ஆமா,' என்றாள், 'அதானங்க நானும் சொன்னேன்.'
மறுபடியும் போன் முனகியது.
ஈரக்காலை ஒரு சாக்கில் துடைத்துக்கொண்டு
எடுத்துப் பார்த்தாள்.
அஞ்சு இல்லை. நாலு ஏற்றியிருந்தான்.